பட்டாளத்துக்காரர் லீவில் வருகிறார்: ஒரு டீச்சர் வீட்டின் மே மாதம்

"சுட்டி சாங்ஷன் ஆயிடுச்சு" என்று போன் வந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் வேலை ஆரம்பித்துவிடும். சுட்டி என்றால் லீவு. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் விடுமுறை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, இந்திக்காரர்கள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்தான் எங்கள் பக்கத்துக் கிழவிகள் வாயிலும். நான் வேலூர் மாவட்டம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்வார்களே, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். கல்யாணமாகி 14 வருஷம் ஆகிறது, ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. போன மாதம் புதிதாகக் கல்யாணமான ஒரு டீச்சர், அவள் வீட்டுக்காரரும் பட்டாளம், "அக்கா, முதல் லீவுக்கு வர்றாரு, என்ன பண்ணணும்" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி. ஜவானுக்கு வருஷத்தில் ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். கேட்கும்போது நிறைய மாதிரி தெரியும், ஆனால் நினைத்தபோது எடுக்க முடியாது, யூனிட்டில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் வெளியே போகலாம் என்று கணக்கு உண்டு. நமக்கோ மே மாதம்தான் முழுசாகக் கிடைக்கும். பிள்ளைகள் இருக்கிற எல்லாருக்கும் அதே மே மாதம்தான் வேண்டும், ஊர்த் திருவிழாவும் அப்போதுதான், கல்யாணங்களும் அப்போதுதான். அதனால் ஜனவரியிலேயே, பொங்கல் முடிந்ததும், நம் தேதியை அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் நம் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஏப்ரலில் விடைத்தாள் திருத்தப் போடுவார்களா, தேர்தல் வருஷமா, பயிற்சி வகுப்பு ஏதாவது வருமா. ஒரு வருஷம் அவர் வந்த மறுநாள் எனக்கு ஐந்து நாள் பயிற்சி போட்டார்கள். காலையில் அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து கூட்டிப்போனார். அது ஒன்றும் மோசமான லீவு இல்லை, ஆனால் தெரிந்திருந்தால் அவர் ஒரு வாரம் தள்ளி வந்திருப்பார். நமக்கு வருஷத்துக்கு இருக்கிற 12 நாள் தற்செயல் விடுப்பில் நாலையாவது தொடாமல் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிக்கெட் பெரிய தலைவலி. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள்). ஒரு விதத்தில் இது எங்களுக்கு நல்லதுதான், நாலு மாதத்துக்கு முன்னால் எந்த ஜவானுக்கும் தன் லீவு தெரியாது. ஜம்மு பக்கம் இருந்தால் டெல்லி வரை ஒரு வண்டி, டெல்லியிலிருந்து ஒரு வண்டி. எல்லாரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை போய் அங்கிருந்து திரும்பி வருவார்கள். வேலூர்க்காரர்களுக்கு கேரளா எக்ஸ்பிரஸ் போதும், காட்பாடியிலேயே இறங்கிவிடலாம். பெரிய ஸ்டேஷன்களில் எம்சிஓ ஆபீஸ் (பட்டாளத்துக்காரர்களின் பயணத்தைக் கவனிக்கிற ராணுவ ஆபீஸ்) இருக்கும், படைவீரர்களுக்கென்று கொஞ்சம் கோட்டா அவர்கள் கையில் இருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்வார். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வந்து சேருகிற தேதியைப் பிள்ளைகளிடம் ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கள். என் மகள் ஆறு வயதில் ஒரு ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தாள், வண்டி நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றுவிட்டது.

சரி, வந்துவிட்டார். முதல் மூன்று நாள் எதுவும் வைக்காதீர்கள். கோயில், குலதெய்வம், மாமியார் வேண்டுதல், பெரியப்பா வீட்டு விருந்து, எல்லாம் நாலாம் நாள். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவர் வந்த மறுநாளே வேன் வைத்து உதகை, மைசூர் என்று ஆறு நாள் டூர் போட்டேன். மொத்தக் குடும்பமும் ஏறிக்கொண்டது. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவரை மறுபடியும் வண்டியில் உட்கார வைத்தோம். உதகை லாட்ஜில் விடியற்காலை நாலு மணிக்குக் கண் விழித்துப் பார்த்தால், குளித்து முடித்து, லாட்ஜ்காரன் கொடுத்த போர்வையை ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து, அதன் மேல் தலையணையை நேராக வைத்துவிட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "தூங்கலையா?" என்றேன். "ஏம்மா, இன்னைக்கு எங்கயும் போக வேணாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்ததால் போனோம்.

இந்த மூன்று நாளில் இன்னொன்றும் நடக்கும், அதற்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை. பத்து மாதமாக கேஸ் புக் பண்ணுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி ஓடுவது, மோட்டார் ரிப்பேர், எல்லாம் நம் தலையில். திடீரென்று ஒருவர் வந்து சமையலறையில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குவார், பையன் ஏன் எட்டு மணி வரை தூங்குகிறான் என்பார். கோபம் வரும். வரட்டும். ஒரே ஒரு வேலையை முழுசாக அவரிடம் விட்டுவிடுங்கள், அதில் தலையிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது காலை டிபனும் பையனின் கணக்கும். பூரி எண்ணெய் குடித்துத்தான் வரும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சொந்தக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை. மிலிட்டரி கேன்டீன் பாட்டில் கேட்காத சொந்தம் இந்த உலகத்தில் இல்லை. கேன்டீன் கார்டில் மாதத்துக்கு இத்தனை என்று அளவு இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் லீவிலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள், அவர் சொல்லமாட்டார், நீங்கள் சொல்லுங்கள், டீச்சர் என்றால் கொஞ்சம் பயம் இருக்கும்.

பிறகு காகிதங்கள். சலிப்பான வேலை, ஆனால் லீவில் செய்யாவிட்டால் அடுத்த வருஷம்தான். கல்யாணம், குழந்தை பிறப்பு இரண்டும் அவருடைய யூனிட்டில் பார்ட் டூ ஆர்டரில் (ஜவானின் குடும்ப விவரங்களைப் பதிகிற அதிகாரபூர்வ ஆணை) ஏறியிருக்க வேண்டும். ஏறிவிட்டது என்று அவர் சொன்னால் போதாது, நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். ஆதாரில் ஒரு எழுத்து முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும், ரெக்கார்டில் கிளார்க் கேட்டு எழுதிய எழுத்துக்கூட்டலில் வேறொரு பெயர் இருக்கும். என் பெயரில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்ததற்காக ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் முறை போனபோது அந்த 'எச்' யார் போட்டது என்று அவர்களே எங்களைக் கேட்டார்கள். எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா, பேங்க் கணக்கு ஜாயின்ட்டா, குரூப் இன்சூரன்ஸில் நாமினி யார் (கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயரே பலருக்கு இருக்கும்), இதையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நாமினி பேச்சை மாமியார் முன்னால் எடுக்காதீர்கள். தனியாக, மொட்டைமாடியில், ராத்திரி. அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் லேசாக வருவதில்லை, ஆனாலும் பேசியாக வேண்டும்.

வெளியூர் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த வேன் டூருக்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்தது வேறு: அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிற ஊராகப் பார்த்துப் போவது. ஒரு மே மாதம் நாங்கள் நாலு பேர் மட்டும் வெலிங்டன் போனோம். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் அங்கேதான், ரெஜிமென்டுக்கு வயது 1758 முதல் கணக்கு. காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம், 7.10க்கு மலை ரயில், குன்னூர் தாண்டியதும் வெலிங்டன் ஸ்டேஷன். மலை ரயில் டிக்கெட்டை முன்பதிவு திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். காரில் போவதென்றால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், மறக்காதீர்கள். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை, பிளாக் பிரிட்ஜ் பக்கத்தில் டீ குடித்துவிட்டு ஏற்றத்தில் நடந்தோம். ஓரிடத்தில் நின்று பையனிடம், "இந்த ஏத்தத்துலதான்டா ஓடி ஓடி வாந்தி எடுத்தேன், உஸ்தாத் வாந்தி எடுத்துட்டு ஓடுன்னாரு" என்றார். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுப்பவர். பையன் அந்த இடத்தையே குனிந்து பார்த்தான், 19 வயசு அப்பா எடுத்த வாந்தி இன்னும் கிடக்கிறதா என்பது போல. பிறகு இரண்டு பேரும் அந்த ஏற்றத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நானும் மகளும் சாலையோரத்தில் கேரட் தின்றுகொண்டு நின்றோம். அந்த ஆறு நாள் டூரில் எடுத்த 400 போட்டோவை யாரும் திறந்து பார்ப்பதில்லை, இந்த ஏற்றத்தைப் பற்றி வீட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது பேச்சு வரும்.

அவருக்கு பீஸ் போஸ்டிங், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய அமைதியான இடத்தில் வேலை என்றால் அவர் வருவதற்குப் பதில் நாம் போவது இன்னும் நல்லது. வடக்கே மே மாதம் வெயில் 45 டிகிரி, பரவாயில்லை, போங்கள். அப்பா இந்தியில் சிரித்துப் பேசுவதை என் மகள் அங்கேதான் முதலில் பார்த்தாள். "அம்மா, அப்பா இங்க வேற ஆளா இருக்காரு" என்றாள்.

இனி ஸ்கூல். வீட்டுக்காரர் பட்டாளத்தில் என்றால் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் மைக் நம் கையில்தான். முதல் வருஷம் நான் எழுதிய உரையில் எல்லைச்சாமி இருந்தது, ரத்தம் இருந்தது, பனிமலை இருந்தது. லீவில் இருந்த அவர் அதைப் படித்துவிட்டு, "யாரைப் பத்தி எழுதியிருக்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து அப்படி எழுதுவதில்லை. தேசப்பற்று சொல்லிக்கொடுக்க நம் கையிலேயே எவ்வளவோ இருக்கிறது. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு, 1914ல் தொடங்கிய பெரிய போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டிப்போய்ச் செருப்பு வாங்குகிறவர்கள். கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள், அந்தப் போர் யாருடையது, இவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வி தானாக வரும். கோட்டைக்குப் போனால் 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்ப் புரட்சி. அங்கே சிப்பாய்கள் சுட்டது தங்களுக்குச் சம்பளம் கொடுத்த கும்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகளை. இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள். டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியல் கொடுத்து அனுப்புவார்களே, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "எல்லையில ஒருத்தர் உயிரைக் கொடுக்குறாரு, உனக்கு ஹோம்வொர்க் எழுத வலிக்குதா" என்று கேட்காத ஆசிரியர் குறைவு, நானும் கேட்டவள்தான். வகுப்பில் பட்டாளத்துக்காரர் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். உயிரைக் கொடுக்கிறார் என்ற இரண்டு வார்த்தை அதன் காதில் எப்படி விழும் என்று எனக்கு என் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

அவரை வகுப்புக்கு அழைத்துப்போனால் பேச்சைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பில் முதல் கேள்வியே "சார், எத்தன பேரச் சுட்டீங்க?" இவர் சாக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார். பனியில் சாக்ஸ் நனைந்தால் கால் விரல் கறுத்துப் போகும், ஈர சாக்ஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் காயவைப்போம் என்று ஒரு ஜோடியைச் செருகியே காட்டினார். ஒருத்தி, "வேற யாரு சாக்ஸாவது இருந்தா சார்?" என்றாள். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. 40 நிமிஷம் போனது தெரியவில்லை, சுட்ட கதையை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

நாலு நாள் விடுப்பைத் தொடாமல் வைக்கச் சொன்னேனே, அது இதற்காக. 2025 மே 7 ஆபரேஷன் சிந்தூர். அவர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் யூனிட்டிலிருந்து போன், உடனே வா. லீவில் வருகிறவரின் பெட்டியை அடிவரை காலி பண்ணாதீர்கள், ஐடி கார்டும் லீவு சர்டிபிகேட்டும் எங்கே என்று நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், கையில் ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும். இதெல்லாம் அன்றைக்குக் கற்றது. ரிசர்வேஷன் இல்லாமல்தான் ஏறினார். பத்தாம் தேதி சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்னபோது அவர் இன்னும் போய்ச் சேரவில்லை. நல்லவேளை அது மே மாதம், எனக்கு ஸ்கூல் இல்லை. ஜூலையாக இருந்திருந்தால் அந்த நாலு நாளும் எனக்கு வேண்டியிருக்கும், கரும்பலகை முன்னால் நின்றிருக்க முடியாது. அவர் கிளம்பின ஒரு மணி நேரத்தில் சொந்தக்காரப் பையன் ஒருவன் அவருடைய யூனிபார்ம் போட்டோவை, எந்த ஊருக்குப் போகிறார் என்பதோடு சேர்த்து, வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். பெருமையில்தான் வைத்தான். போன் பண்ணி எடுக்கச் சொன்னேன். ஜவான்களுக்கே 2020ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை நீக்கச் சொன்னார்கள், நாம் இங்கே உட்கார்ந்து ஊரைப் போடலாமா? எங்கே இருக்கிறார் என்று யார் கேட்டாலும் "வடக்கே" போதும், பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள்.

சாதாரணமாக முடிகிற லீவில், கடைசி இரண்டு நாளையும் மூட்டை கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், முறுக்கை டின்னில் போட்டு மேலே துணி வைத்துக் கட்டுங்கள், கறுப்புப் பெட்டியில் பெயரும் நம்பரும் அழிந்திருந்தால் வெள்ளை பெயின்டில் பையனை விட்டு எழுதச் சொல்லுங்கள். பருப்புப்பொடி இரண்டு கிலோவாக அரைப்பது நல்லது. ஒரு கிலோ அவர் கட்டிலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாரக்ஸில் தீர்ந்துவிடும், அதில் பாதி தின்றவர்களுக்குத் தமிழே தெரியாது.