சியோல் அரண்மனைகள்: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

சியோலில் கியோங்போக்குங் அரண்மனை பொதுவாகச் செவ்வாயிலும் சாங்தோக்குங் திங்களிலும் மூடியிருக்கும். பலர் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

1395-இல் எழுந்த கியோங்போக்குங்குக்கு மெட்ரோ 3-ஆம் தடத்தில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கி 5-ஆம் வாசலில் வெளியேறுங்கள். கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்தியிருந்தால் நுழைவு இலவசம். காவலர் மாறும் சடங்கு காலை 10, பிற்பகல் 2 மணிக்கு. கால் மணி நேரம் முன்பே குவாங்வாமுன் வாயிலில் நில்லுங்கள்.

ஓர் அரண்மனைக்குத்தான் நேரம் என்றால் சாங்தோக்குங் போங்கள். அதன் உயிரே பின்புறத் தோட்டமான ஹுவோன்தான்: தாமரைக் குளம், சிறு மண்டபங்கள், மலைச்சரிவின் போக்கிலேயே வளையும் பாதைகள். அதற்குத் தனிச்சீட்டு வேண்டும். குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். 6 நாள் முன்பே இணையத்தில் பதிந்துவிடுங்கள், இலையுதிர்காலத்தில் சீட்டு சட்டெனத் தீர்ந்துவிடும். ஏற்ற இறக்கம் அதிகம். வழுக்காத காலணி அவசியம்.