சேர்ந்துகொண்டே போகும் நூலை வீட்டில் கெடாமல் வைப்பது எப்படி?

பின்னலோ குரோஷேயோ, எதைக் கையில் எடுத்தாலும் நூல் சேரத்தான் செய்யும். ஸ்வெட்டருக்கு வாங்கியதில் ஒன்றரை உருண்டை மீதி, நிறம் பிடித்து வாங்கிய இரண்டு சிட்டம் (உருண்டையாக்காமல் வளையமாகச் சுற்றிய நூல்), தெரிந்தவர் கொடுத்த ஒரு பை என்று பீரோவின் கீழ்த்தட்டு நிரம்பி வழியும்போது பலரும் நேராகப் பெட்டி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெட்டி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நூலை எது கெடுக்கும் என்று பிரித்துவிட்டால், அதை எதில் வைப்பது, எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

மொத்தத்தையும் கொட்டிப் பிரியுங்கள்

வெளிர் நிறப் போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, வீட்டில் இருக்கும் எல்லா நூலையும் அதன்மேல் கொட்டுங்கள். பாதியில் நிற்கும் பின்னல் வேலைகளும் வரட்டும். போர்வை வெளிர் நிறமாக இருந்தால்தான் பூச்சியோ உதிர்ந்த துகளோ கண்ணில் படும். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் விலங்கு நூல்: கம்பளி, அல்பாக்கா, மோஹேர், காஷ்மீர், அங்கோரா, பட்டு. இவற்றுக்கு எதிரி பூச்சி. கலப்பு நூலில் கம்பளி 10 சதவீதம்தான் என்றாலும் அதன் இடம் இங்கேதான். காலுறைக்கு வரும் 75 சதவீதக் கம்பளி, 25 சதவீத நைலான் கலவையும் அப்படியே. இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியைப் பூச்சி தொடாது என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பதப்படுத்தல் நூல் சுருங்காமல் இருப்பதற்கு மட்டுமே, உள்ளே இருப்பது அதே கம்பளிதான்.

இரண்டாவது பருத்தி, லினன், மூங்கில் விஸ்கோஸ். இவற்றுக்கு ஈரமும் பூஞ்சையும் ஆகாது, ராமபாணப்பூச்சியும் அரிக்கும். மூன்றாவது அக்ரிலிக், நைலான், பாலியஸ்டர். இவை எங்கே வைத்தாலும் தாங்கும். தூசியும் வெயிலும் படாமல் இருந்தால் போதும்.

லேபிள் தொலைந்த நூலுக்கு ஒரு சோதனை உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, 5 செ.மீ. துண்டை இடுக்கியால் பிடித்து நுனியில் தீ வையுங்கள். கம்பளி மெதுவாகக் கருகும், தீயை விலக்கினால் அணையும், முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். உருகும் துளி விரலில் பட்டால் பொத்துவிடும், கவனம். கலப்பு நூலில் இந்த அடையாளங்கள் கலந்தே வரும். சந்தேகம் தீராத எதையும் கம்பளியோடு சேர்த்துவிடுவதே நல்லது.

புதிதாக வரும் நூலுக்குத் தனியிடம்

கம்பளிக்கு வரும் பெரிய நஷ்டம் துணி அந்துப்பூச்சியால்தான். விளக்கைச் சுற்றிப் பறப்பது பெரும்பாலும் இதுவல்ல. இது வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும். 6 முதல் 8 மி.மீ. நீளம், வைக்கோல் நிறம். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, அதற்குத் தின்னும் வாயே கிடையாது. நூலைத் தின்பது புழு. ஒரு பெண் பூச்சி 40, 50 முட்டை வரை இடும். வெப்பமான இடத்தில் அவை 4 முதல் 10 நாளில் பொரிந்துவிடும்.

பூச்சி விழுந்த உருண்டை மேலுக்கு நன்றாகவே தெரியும். சுற்றத் தொடங்கினால் நான்கு முழத்துக்கு ஒருமுறை நூல் அறுந்து கையோடு வரும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இழைகளுக்கு நடுவே சிலந்தி வலை போல மெல்லிய பட்டுப் படலம், அடியில் மணல் போன்ற பொடி. அந்தப் பொடி புழுவின் எச்சம். தின்ற நூலின் சாயமே அதில் இறங்குவதால் சிவப்பு நூலில் சிவப்பாகவும் நீல நூலில் நீலமாகவும் இருக்கும். அதனால்தான் பலர் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. சில வீடுகளில் கம்பள வண்டின் புழுவும் வரும். பழுப்பு நிறத்தில் குட்டையாக, உடம்பெல்லாம் மயிராக இருக்கும். இது வலை பின்னாது, உரித்த தோலை மட்டும் விட்டுப்போகும்.

ஆகவே வெளியிலிருந்து வரும் விலங்கு நூல் எதுவும் நேராகப் பழைய நூலோடு சேரக்கூடாது. பிறர் கொடுத்தது, பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கியது என்றால் இது கட்டாயம். ஃபிரீஸரில் வைத்து எடுப்பது மருந்தில்லாத நல்ல வழி. முறை இதுதான்:

1. நூல் முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் பையில் போட்டு, காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஒரு பையில் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரிய மூட்டையின் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச் சேர நாளாகும்.
2. −18 டிகிரி செல்சியஸில் முழுதாக இரண்டு வாரம் வையுங்கள். பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விடுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஐஸ் அறைகள் பல இந்த அளவுக்குக் குளிராது; உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. எடுத்ததும் திறக்காதீர்கள். 24 மணி நேரம் பையோடு வெளியே இருக்கட்டும். குளிர்ந்த நூலைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து, பிறகு பூஞ்சை பிடிக்கும்.
4. திறந்து, உதறி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

தேவதாரு மரத்துண்டையும் லாவெண்டர் பையையும் மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வாசனை போகப்போக அவற்றின் பலனும் போய்விடும். வளர்ந்த புழுவை அவை கொல்வதும் இல்லை. அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதன் ஆவி மூச்சுக்கு ஆகாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். நாற்றம் நூலில் ஊறி, பல முறை அலசினாலும் போகாது. குழந்தைத் தொப்பிக்கு எடுத்து வைத்த நூலில் அது எதற்கு? பெண் பூச்சியின் வாசனை தடவிய பசைப்பொறி வைப்பதில் தவறில்லை, ஆனால் அதில் ஆண் பூச்சிகள்தான் சிக்கும். வீட்டில் பூச்சி இருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டமா, உருண்டையா?

சிட்டமாக வந்த நூலைப் பின்னப்போகும் வாரம் வரை சிட்டமாகவே விடுங்கள். கம்பளிக்கு இயல்பாகவே நீண்டு சுருங்கும் தன்மை உண்டு. இறுக்கிச் சுற்றி மாதக்கணக்கில் வைத்தால் இழுபட்ட நிலையிலேயே படிந்துவிடும். அந்த நூலில் பின்னிய மாதிரித் துண்டு அளவு சரியாகக் காட்டும். உடை முழுதும் முடிந்து தண்ணீரில் நனைந்ததும் நூல் பழைய நிலைக்குத் திரும்ப, உடை சின்னதாகிவிடும். பின்னிய கை மேல்தான் பழி விழும், உண்மையில் தவறு சுற்றி வைத்ததில்.

இயந்திரத்தில் சுற்றிய உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சு மெத்தை போல உள்ளே போய் மீண்டால் சரி. கல் போல நின்றால் இன்னொரு முறை தளரச் சுற்றுங்கள். கையால் சுற்றுகிறவர்கள் இரண்டு விரலை உருண்டையோடு சேர்த்து வைத்துச் சுற்றி, அவ்வப்போது விரலை உருவிவிட்டால் தளர்ச்சி தானாக வந்துவிடும். ஏற்கெனவே இறுகிப்போன நூலுக்கும் வழி உண்டு: இரண்டு நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, துண்டில் வைத்து அமுக்கி, எடை எதுவும் தொங்கவிடாமல் நிழலில் காயவையுங்கள்.

அக்ரிலிக் உருண்டையைக் கடையிலிருந்து வந்தபடியே வைக்கலாம். ரப்பர் பேண்டு மட்டும் எந்த நூலிலும் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஊக்குக் குத்தி லேபிளைப் பிடிப்பதும் அப்படித்தான், துருக்கறை போகாது.

இப்போது பெட்டி

பெட்டி 12 முதல் 20 லிட்டருக்குள் இருக்கட்டும். 60 லிட்டர் பெட்டியில் அடியில் கிடக்கும் நூல் நசுங்கும், தேடவும் தூக்கவும் சிரமம். ஒரு பெட்டியில் பூச்சி விழுந்தால் போவது அந்த ஒரு பெட்டியோடு நிற்பதும் முக்கியம். ஒளி ஊடுருவும் பாலிபுரொப்பிலீன் பெட்டி நல்லது. அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருக்கும். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை உள்ளதைக் கம்பளிக்கு எடுங்கள். பொரிந்த புழு கூர்ந்த பென்சில் முனைபோல மெலிது, சாதாரண மூடியின் இடுக்கில் நுழைந்துவிடும். பெட்டிக்குள் ஒவ்வொரு வேலைக்குமான நூலைத் தனி ஜிப் பையில் போட்டால் இரண்டாவது காப்பும் ஆயிற்று.

பருத்திக்கோ, இதற்கு மாறாக, காற்றோட்டம் தேவை. துணிப்பையிலோ இறுக்கமில்லாத மூடியுள்ள பெட்டியிலோ வைக்கலாம். பூசாத மரத்தட்டில் நூலை நேரடியாக வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமிலம் வெளிர் நூலை மஞ்சளாக்கும். வெளுத்த பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் விரித்தால் மை ஒட்டும்.

காற்றை உறிஞ்சி மூடும் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும். வீடு மாற்றும் ஒன்றிரண்டு மாதத்துக்குச் சரி. வருடக்கணக்கில் வைத்தால் கம்பளியும் மோஹேரும் துள்ளல் இழந்து தட்டையாகிவிடும். திறந்த அலமாரியில் நிறவாரியாக அடுக்குவது பார்க்க அவ்வளவு அழகு, மனசு நிறையும். அந்த இடத்தை அக்ரிலிக்குக்குக் கொடுங்கள், ஜன்னல் வெயில் படாத சுவராகத் தேர்ந்தெடுங்கள். வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்த நூலைப் பின்னினால் உடை முழுக்கத் திட்டுத்திட்டாக வரும்.

அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்றால் கவலையில்லை. 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்கு வழி. வெளிச்சுவரை ஒட்டியோ தரையோடு தரையாகவோ பெட்டியை வைக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். 20 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் அளவு, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலம் போடலாம். நிறம் மாறியதும் எடுத்து உலர்த்த வேண்டும், மறந்தால் அது வெறும் கல். கைச்சாயமிட்ட கரும் சிவப்பு, கருநீல நூல்களை வெள்ளையோடு ஒரே பையில் வைக்கவேண்டாம். லேசான ஈரத்திலேயே சாயம் ஏறிவிடும்.

மீதி நூலும் கணக்கும்

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் மீதி நூலின் நீளம் தெரிந்துவிடும். லேபிளில் 50 கிராமுக்கு 125 மீட்டர் என்று இருந்து, கையில் 18 கிராம் மிச்சம் என்றால் 18 × 125 ÷ 50, அதாவது 45 மீட்டர். லேபிளை உருண்டையின் நடுவே செருகிவிடுங்கள். லேபிள் இல்லையென்றால் காகிதத் துண்டில் நார் வகை, நிற எண், சாயத்தொகுதி எண் (ஒரே முறையில் சேர்த்துச் சாயமிட்ட நூலுக்கு வரும் எண்), ஊசி அளவு, மீதி கிராம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரையும்.

சாயத்தொகுதி எண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள். நிற எண் ஒன்றே என்றாலும் தொகுதி மாறினால், கையில் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு முதுகுப் பகுதியில் பட்டையாகத் தெரியும். வேறு வழியில்லாமல் இரண்டையும் சேர்க்க நேர்ந்தால் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

ஒவ்வொரு குவியலுக்குள்ளும் முதலில் தடிமன், அடுத்து நிறம் என்று அடுக்குங்கள். தேடும்போது முதலில் கேட்கும் கேள்வி ‘இந்த ஊசிக்கு என்ன இருக்கிறது’ என்பதுதான். மிக மெல்லிய லேஸ் நூலுக்கு 0 தொடங்கி மிகத் தடித்த ஜம்போவுக்கு 7 வரை போகும் தடிமன் எண்களை அப்படியே பெட்டிமேல் ஒட்டலாம். பட்டியலை நோட்டிலோ விரிதாளிலோ பின்னுகிறவர்களுக்காக 2007இல் தொடங்கிய ராவெல்ரி இணையதளத்தின் ஸ்டாஷ் (கைவசமுள்ள நூல்) பக்கத்திலோ வைக்கலாம்; எதில் வைத்தாலும் கிராமும் பெட்டி எண்ணும் இருந்தே ஆகவேண்டும்.

பாதியில் நிற்கும் வேலையை ஊசியோடு மாதக்கணக்கில் மடித்து வைத்தால் அந்த வரிசையில் மடிப்பு விழும். கண்ணிகளை வழவழப்பான பருத்தி நூலில் மாற்றி, ஊசி அளவையும் வரிசை எண்ணையும் எழுதிப் பையில் போடுங்கள். அதில் கைவியர்வையும் எண்ணெயும் ஏறியிருக்கும். பூச்சிக்கு அழுக்குக் கம்பளிதான் முதல் தேர்வு என்பதால், இந்தப் பைகளையே முதலில் திறந்து பாருங்கள்.

கம்பளிப் பெட்டிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் திறந்து, ஒவ்வொன்றையும் எடுத்து உதறிப் பார்க்கவேண்டும். ஒன்றில் பூச்சி தென்பட்டால் அந்தப் பெட்டி நூல் முழுவதும் ஃபிரீஸருக்கு; பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அது இருந்த அலமாரியின் மூலைகளையும் தரையின் இடுக்குகளையும் வாக்வம் போட்டு, அந்தத் தூசிப்பையை அன்றே கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.