மிச்சம் விழுந்த ஸ்க்ரூவை என்ன செய்வது?

பாகங்களாக வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிய அலமாரி நிமிர்ந்து நின்றுவிட்டது. கதவும் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. தரையில் மட்டும் இரண்டு ஸ்க்ரூ, ஒரு வாஷர், எதற்கென்றே புரியாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. யாரும் பார்ப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும். பொறுங்கள், அவற்றில் எது உபரி, எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

படி 1: பூட்டும் முன் எண்ணுங்கள்

கையேட்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பாகத்தின் படமும் எண்ணிக்கையும் இருக்கும். வகைவாரியாகக் கிண்ணங்களில் பிரித்து எண்ணுங்கள். எது கூடுதலாக வந்திருக்கிறதோ அதைப் பேனாவால் அங்கேயே குறித்துவிடுங்கள். பாதி மர்மம் இங்கேயே தீர்ந்துவிடும்.

30 மி.மீ. ஸ்க்ரூவும் 35 மி.மீ. ஸ்க்ரூவும் கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மேஜைமேல் தலைகீழாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், உயர வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மாறிப் போனால் நீளமானது பலகையின் மறுபக்கம் மூக்கை நீட்டும்.

படி 2: அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்

எடுத்து வைத்தது தீராமல் அடுத்த பக்கம் திருப்ப வேண்டாம். அவ்வளவுதான்.

படி 3: மிஞ்சியதை விசாரியுங்கள்

முதல் கேள்வி, எத்தனை மிஞ்சியது? பொடிப்பொடி பாகங்களைப் பல தொழிற்சாலைகள் எடை பார்த்துத்தான் பொட்டலம் கட்டுகின்றன. ஒன்று குறைந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், ஒன்று கூடினால் யாரும் கேட்கமாட்டார். லெகோ பெட்டிகளிலும் குட்டித் துண்டுகள் ஓரிரண்டு கூடுதலாகக் கிடப்பது இதனால்தான். ஆகவே சின்ன ஸ்க்ரூ ஒன்று மிஞ்சினால் நிம்மதியாக இருங்கள். ஒரே மாதிரி நான்கு மிஞ்சினால்? கால் நான்கு, மூலை நான்கு. நீங்கள் ஒரு படியையே தாண்டி வந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வி, எது மிஞ்சியது? கீல், இரும்புப் பட்டை, பலகை எல்லாம் உபரியாக வருவது அபூர்வம். எல்-கீயும் தகர ஸ்பேனரும் கருவிகள், அவற்றுக்கு இடம் தேடி அலைய வேண்டாம். ஸ்பிரிங் வாஷர் (ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையம்) நாற்காலியில் விடுபட்டால், உட்கார்ந்து எழுந்து ஆடும்போது போல்ட் மெல்லத் தளரலாம். போல்ட்டைக் கழற்றி வாஷரை மாட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

வயிற்றெரிச்சல் தருவது மரக்குச்சிதான். இணைப்புக்குள் ஒளிந்திருக்கும் சமாச்சாரம் என்பதால், போடாமல் விட்டது வெளியே தெரியாது. திருகினால் இறுகும் வட்டப் பூட்டான கேம் லாக் இரண்டு பலகைகளை இழுத்துப் பிடிக்கும். அவை நழுவாமல் இடத்தில் நிறுத்துவதும் பாரத்தில் பங்கு வாங்குவதும் மரக்குச்சி. எண்ணிப் பார்த்து அது உபரி இல்லை என்று உறுதியானால், எரிச்சலை விழுங்கிக்கொண்டு அந்த மூட்டைப் பிரிக்க வேண்டியதுதான்.

படி 4: காலித் துளையைத் தேடுங்கள்

காலியாக இருக்கும் எல்லாத் துளையும் குற்றவாளி அல்ல. ஒரே பலகையைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்துவதால் சில துளைகள் சும்மாவே இருக்கும். இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் ஸ்க்ரூ இருந்து, எதிர்த் துளை காலியாக இருந்தால் ஆள் அகப்பட்டான்.

பிறகு பின்புறம் போய் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. மெல்லிய பின்பலகைதானே என்று அதன் ஆணிகளை மிச்சம் பிடிக்காதீர்கள், அலமாரி பக்கவாட்டில் சாயாமல் இறுக்கிப் பிடிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

படி 5: சுவர்ப் பட்டை

மற்றவை மறதியில் மிஞ்சும். அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இந்தப் பட்டையை மட்டும் சுவரில் துளை போட மனம் வராமல் தெரிந்தே மிச்சம் வைக்கிறோம். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக ஏறினால் அலமாரி முன்பக்கமாகச் சாயும். இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பட்டையை மாட்டிவிட்டுத்தான் துணி அடுக்க வேண்டும்.

உண்மையான உபரியைக் கையேட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த அலமாரியின் முதுகிலேயே டேப்பால் ஒட்டுங்கள். வீடு மாறும்போது ஒரு ஸ்க்ரூ தொலையாமல் இருக்காது.