காப்பகப் பொறுப்பை ஏற்றவுடன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கேரள எல்லைக்குள் ஆரியங்காவுப் பக்கம் வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பணச் சிக்கலில் பழைய நிர்வாகக் குழு விலகியபின் செயலாளராக வந்திருந்த இளைஞர், பெயிண்ட் வாடை மாறாத அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கடைசி அறையில் நான்கு புதிய கட்டில்கள் கிடந்தன. "இங்க இருந்த மூட்டையெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் க்ளீன் பண்ணியாச்சு சார்" என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் செங்கோட்டையில் ஒரு காப்பகப் பொறுப்பை ஏற்றபோது இதே பதிலை இதே பெருமையோடு நானும் சொன்னவன் என்பதால், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ரசீது கொடுங்கள், பணத்தில் கை வைக்காதீர்கள் என்பவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முன்னவரைத் தூற்றுவது

வேண்டாம். அவர் கூட்டிவந்து சேர்த்தவர்கள்தான் இன்றிரவும் அங்கே படுத்திருக்கிறார்கள்.

பழைய பாக்கியை மூடிவைப்பது

பலசரக்குக் கடைக்கும் பால்காரருக்கும் நிற்கும் பாக்கி ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்போது, நன்கொடையாளர் கூட்டத்தில் "புதிய தொடக்கம்" என்று பேசுவது நம்மையே காட்டிக்கொடுக்கும். முதல் கூட்டத்திலேயே பாக்கித் தொகையைக் கடைவாரியாக வாசித்துவிடுவது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ்ப் பதிவான சங்கமானால், குழு மாறியதைப் படிவம் 7 இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வங்கியில் கையெழுத்தை மாற்றப் போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லை ஊரான புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சட்டமே வேறு. கொல்லம் மாவட்டத்துச் சங்கங்களுக்குத் திருவிதாங்கூர்-கொச்சிக்கான 1955 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துமாதலால், இங்குள்ள நண்பரின் துணைவிதிகளை அங்கே படியெடுத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது என்பதையும் பணத்தை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூட்டைகளை அகற்றுவது

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வீடற்றோர் தங்குமிடத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் கேட்டன. பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அந்தக் கணக்கோடு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, பின்கட்டிலிருந்த 200 சதுர அடிப் பொருளறை நான்கு கட்டில்களாகத்தான் தெரிந்தது. அதனுள் இருந்தவை கிழிந்த சாக்குகளும், நாற்றமடித்த துணி முடிச்சுகளும், கயிறு கட்டிய நெகிழிப் பைகளும்தான். மூட்டைப்பூச்சியை ஒழித்ததாகவும் இருக்கட்டும் என்று அனைத்தையும் பின்வேலி ஓரத்தில் கொட்டிக் கொளுத்தச் சொன்னேன். தடுக்க வந்த சமையல்காரம்மாவிடம், "நீங்க அடுப்பப் பாருங்கம்மா" என்று சொன்னதும் நான்தான்.

அன்று மாலை பேருந்து நிலையத்திலிருந்து திரும்பிய மலையாளப் பெரியவர் ஒருவர் அறை வாசலில் நின்று, "என்றெ கெட்டு எவிடெ?" (என் மூட்டை எங்கே?) என்று கேட்டார். சத்தம் போடவில்லை. இரவு முழுவதும் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் விடியலில் போய்விட்டார். அவருடைய முடிச்சில் பழைய ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்ததையும், அதில் கடையின் பெயருக்குக் கீழே கொட்டாரக்கரா என்று மலையாளத்தில் அச்சிட்டிருந்ததையும், அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த சமையல்காரம்மா ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அதுவரை என்னோடு அவர் பேசவே இல்லை. தன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரியாத அந்த மனிதரின் வீட்டுக்குப் போகும் வழி அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது. அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

அந்த மாதத்தில் மேலும் ஐந்து பேர் வெளியேறினார்கள். அதே மாதத்தில் நன்கொடையாளர்கள் புதிய பெயிண்டைப் பாராட்டி, கூடுதலாக அரிசி அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பேருந்து நிலையத்தில் நனைந்துகொண்டு கிடந்தவர்களை அழைக்கப் போனால், "அங்க போனா மூட்டையக் கொளுத்திருவாங்க" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு ஓய இரண்டு ஆடிச் சாரல் ஆயிற்று.

பிறகு நாங்கள் கைக்கொண்ட முறை எளியது. மூட்டைக்குரியவர் முன்னிலையில், அவர் சம்மதித்தால் மட்டும், அதைப் பிரித்துப் பொருள்களை எழுதிக்கொள்வோம். துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுவோம். காகிதம் எதுவானாலும், பேருந்துச் சீட்டானாலும், கசங்கிய மருந்துச் சீட்டானாலும், உறையில் போட்டு அவரிடமே தருவோம். மூட்டையில் ஒரு எண் வில்லை, அவர் கையில் அதே எண்ணில் இன்னொன்று. சொல்லாமல் போய்விட்டவரின் மூட்டையை ஓராண்டு வைத்திருப்போம். பொருளறைச் சாவி அலுவலகத்தில் இல்லை. அங்கே நெடுநாளாகத் தங்கியிருக்கும் ஒரு பாட்டியின் முந்தானையில் இருக்கிறது. நான் கேட்டாலும் எதற்கு என்று விசாரித்த பிறகுதான் அவர் முடிச்சை அவிழ்ப்பார்.

பரிமாறும்போது படம் எடுப்பது

பிறந்தநாள் சாப்பாடு கொடுப்பவர் வற்புறுத்துவார். இலையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிவேட்டின் கட்டங்களை ஊகித்து நிரப்புவது

கேரளத்துப் புனலூருக்குப் போகும் மலை ரயில்பாதை 2018 இல் அகலப்பாதையாகத் திறந்தபின், செங்கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர்களைக் காவலர்கள் இரவில் கொண்டுவந்து விடுவதுண்டு. மனநோயோடு அலைபவராகத் தோன்றினால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இன் 100 ஆம் பிரிவின்படி காவல்துறையின் கடமை. அதைப் பணிவாக நினைவூட்டத் தயங்க வேண்டியதில்லை. நம் பக்கத்துத் தவறு வேறு. ஆய்வுக்கு வருபவர் குறை சொல்லாதிருக்கப் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் உத்தேசமாக எழுதிவிடுகிறோம். "ஊர்: கேரளா" என்று எழுதிய பிறகு யாரும் அந்த மனிதரிடம் மறுபடி கேட்பதில்லை. கட்டம் காலியாகவே இருக்கட்டும். அவர் வாயிலிருந்து வந்த சொல்லை, அது தெலுங்கோ இந்தியோ, கேட்டபடியே தமிழ் எழுத்தில் ஓரத்தில் தேதியோடு குறித்துவையுங்கள். இரவுப் பணிக்கு மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது வையுங்கள். எங்கள் சமையல்காரம்மாதான் இப்போது அந்தப் பணியைப் பார்க்கிறார்.