எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சோர்வைச் சமாளிக்க

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பது) முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, முதல் சில வாரங்களில் குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றுவது இயல்புதான். புண் ஆறுவதற்குக் கூடுதல் சத்து தேவைப்படும் நேரத்தில், உள்ளே போகும் உணவோ மிகச் சொற்பமாக இருக்கிறது.

முதலில் தண்ணீர். நாளொன்றுக்கு 1.5 லிட்டராவது தேவை. ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால், பாட்டிலை அருகிலேயே வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒரு வாய் எனப் பருக வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் மட்டும் தவிர்க்கவும்.

அடுத்தது புரதம், பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்றதும் நம் வீடுகளில் அரிசிக் கஞ்சியும் ரசமும்தான் வரும். பாசத்துக்குக் குறைவில்லை, புரதம்தான் குறைவு. ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 6 கிராம்தான் என்பதால், குணமாகும் அந்தந்தக் கட்டத்துக்கு மருத்துவர் அனுமதிக்கும் தயிர், மசித்த பருப்பு, புரதப் பொடி ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு எட்டும்.

அடுத்து மாத்திரைகள். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடும் தேநீரோடும் சேர்க்காமல், 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது பழைய மாத்திரைகளை. எடை இறங்க இறங்க, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் முன்பு எடுத்த அளவே அதிகமாகி, எழுந்து நின்றால் தலை சுற்றும். தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சோர்வுடன் விடாத வாந்தி, காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வலி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.