78 வந்தால் தப்பு: நீட்டிய பீமுக்கு எஸ்எஃப்டி, பிஎம்டி வரையும் முறை

ஏற்காட்டில் சரிவான மனை ஒன்றில் வீட்டு வேலை. இரண்டு தூணுக்கு நடுவே 6 மீட்டர், இரண்டாவது தூணைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கமாக 2 மீட்டர் பீம் நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது தூண் போட அந்தப் பக்கம் இடமே இல்லை, வெறும் சரிவு. நீட்டிய முனையில்தான் தண்ணீர்த் தொட்டி வைக்கணும் என்று வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். கம்பி கட்ட வந்த மேஸ்திரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இதுல மெயின் கம்பி மேலயா, கீழயா?"

டிராயிங்கைப் பிரித்துக் காட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. படித்த திமிர் விடவில்லை. ராத்திரி உட்கார்ந்து நானே பிஎம்டி (பெண்டிங் மொமெண்ட் டயகிராம், பீமை வளைக்கும் மொமெண்ட் எங்கே எவ்வளவு என்று காட்டும் படம்) போட்டேன். நடு ஸ்பானில் 78 கிலோநியூட்டன் மீட்டர் வந்தது. டிராயிங்கில் இருந்த கம்பி அதில் பாதியைக்கூடத் தாங்காது. காலையில் சேலத்தில் இருந்த டிசைனருக்கு ஃபோன் போட்டு, "கம்பி பத்தாதுங்க சார்" என்றேன். கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது மூன்றாவது படியில் வரும். அரியர் வைத்த நாளிலிருந்து நான் விழுந்துகொண்டிருந்த குழி அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லோடு, சப்போர்ட், யூடிஎல் (நீளம் முழுக்கச் சீராகப் பரவிய லோடு) என்றால் என்ன, மொமெண்ட் என்றால் விசை பெருக்கல் தூரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

கிராஃப் தாள், ஹெச்பி பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஸ்கேல் கோடு போட மட்டுமல்ல, வேறு ஒரு வேலையும் இருக்கிறது. கோடு போட்ட நோட்டில் வரையாதீர்கள், அளவு பிசகும். மென்பொருள் முதலிலேயே வேண்டாம். இருபது பீமைக் கையால் வரைந்தவனுக்குத்தான் கம்ப்யூட்டர் காட்டும் படம் சரியா தப்பா என்று தெரியும். சில மென்பொருளில் பெண்டிங் மொமெண்ட் தலைகீழாக வரும், புதிதாக வருபவர்கள் அங்கேயே குழம்பிவிடுவார்கள்.

ஸ்கேல் அளவு: 1 மீட்டருக்கு 2 செ.மீ. மொத்த 8 மீட்டரும் 16 செ.மீ.க்குள் அடங்கிவிடும். விசைக்கும் மொமெண்டுக்கும் 10-க்கு 1 செ.மீ. மேலே பீம், அதற்கு நேர் கீழே எஸ்எஃப்டி (ஷியர் ஃபோர்ஸ் டயகிராம், பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையின் படம்), அதற்கும் நேர் கீழே பிஎம்டி. மூன்றையும் செங்குத்துப் புள்ளிக்கோடுகளால் இணையுங்கள். தனித்தனித் தாளில் வரைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஒன்றின் கீழ் ஒன்று வரைந்தால்தான் மேலே இருப்பது கீழே இருப்பதைச் சொல்லிக்கொடுக்கும்.

நம் பீம்

இடது தூண் ஏ, வலது தூண் பி, நீட்டிய முனை சி. ஏ முதல் பி வரை 6 மீட்டர், பி முதல் சி வரை 2 மீட்டர். ஏ-பி மீது மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் யூடிஎல். ஆயிரம் லிட்டர் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 9.8 கிலோநியூட்டன். தொட்டி, அதன் அடியில் செங்கல் மேடை எல்லாம் சேர்த்து சி-யில் 12 என்று வைத்தேன். இனி ஒவ்வொரு இடத்திலும் அலகு எழுதப் போவதில்லை: விசை கிலோநியூட்டன், மொமெண்ட் கிலோநியூட்டன் மீட்டர்.

நீட்டிய பகுதியின் சொந்த எடையைக் கணக்கு எளிதாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையில் விடக்கூடாது. 230-க்கு 450 மில்லிமீட்டர் பீம் என்றால் மீட்டருக்குச் சுமார் 2.6 வரும், பி-யில் இன்னொரு 5.2 மொமெண்ட் கூடும்.

முதல் படி: ரியாக்‌ஷன்

தூண் பீமை மேல்நோக்கித் தாங்கும் விசைதான் இது. யூடிஎல் மொத்தம் 60. அதை நடுவில், ஏ-யிலிருந்து 3 மீட்டரில், ஒரே லோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யைச் சுற்றி மொமெண்ட் எடுங்கள்:

60 × 3 + 12 × 8 = 180 + 96 = 276
பி ரியாக்‌ஷன் = 276 ÷ 6 = 46

இப்போது மொத்த லோடு 72-லிருந்து 46-ஐக் கழித்து 26 என்று எழுதிவிட்டுப் போகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். பி-யைச் சுற்றித் தனியாக மொமெண்ட் எடுங்கள்: 60 × 3 − 12 × 2 = 156, அதை 6-ஆல் வகுத்தால் 26. பிறகு 26 + 46 = 72 என்று கூட்டிப் பாருங்கள். கழித்துக் கண்டுபிடித்தால் கூட்டல் எப்போதும் சரியாகத்தான் வரும், அந்தச் சரிபார்ப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது படி: எஸ்எஃப்டி

இது சுலபம். ஏ-யிலிருந்து வலப்பக்கம் நடந்து போங்கள். மேல்நோக்கிய விசை வந்தால் ஏறுங்கள், கீழ்நோக்கியது வந்தால் இறங்குங்கள். ஏ-யில் ஒரே தாவாக +26. அங்கிருந்து மீட்டருக்கு 10 வீதம் சரிவாக இறங்கி, பி-க்குச் சற்று முன்னால் −34. பி-யில் தூண் 46 தூக்குகிறது, ஆக +12. சி வரை மட்டமாக 12. சி-யில் தொட்டி 12 இறக்க, பூஜ்யம்.

பூஜ்யத்தில் முடியவில்லையா? மேலே போகாமல் ரியாக்‌ஷனுக்குத் திரும்புங்கள். பி-யில் −34, +12 இரண்டையும் எழுதணும். ஒன்றை மட்டும் எழுதினால் மார்க் போகும்.

கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடம் 26 ÷ 10 = 2.6 மீட்டர். யூடிஎல்தானே, நடுவில் 3 மீட்டரில்தான் கடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வாலில் தொங்கும் தொட்டி அதை ஏ பக்கம் தள்ளிவிட்டது.

மூன்றாவது படி: பிஎம்டி

ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். பீமில் ஓர் இடத்தில் வெட்டுவதாக நினைத்து, அந்த இடத்துக்கு வலப்பக்கம் முழுவதையும் ஸ்கேலால் மூடிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடப்பக்கத்து விசைகள் மட்டும்தான் கணக்கில் வரும். மேல்நோக்கியவை பிளஸ், கீழ்நோக்கியவை மைனஸ், ஒவ்வொன்றையும் வெட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்குங்கள்.

டிசைனர் கேட்ட கேள்வி இதுதான்: "அந்த 60-ஐ எங்க வச்ச?"

"நடுவுல சார், 3 மீட்டர்ல."

"ரியாக்‌ஷன் எடுத்ததுக்கு அப்புறம் அதை அழிச்சியா?"

அழிக்கவில்லை. ரியாக்‌ஷனுக்காக வைத்த 60-ஐ அப்படியே நிஜமான பாயின்ட் லோடாக நினைத்துக்கொண்டு 3 மீட்டரில் 26 × 3 = 78 என்று போட்டிருந்தேன். ஸ்கேலை 3 மீட்டரில் வைத்து மூடிப் பாருங்கள். இடப்பக்கம் 3 மீட்டர் நீளத்துக்கு யூடிஎல் தெரிகிறது. அது 30, அதன் மையம் வெட்டிலிருந்து 1.5 மீட்டரில். ஆக 78 − 45 = 33. அந்த 45-ஐத்தான் நான் தின்றுவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் சரிபார்க்காமல் இல்லை. என் தப்பான படத்திலும் பி-யில் 26 × 6 − 60 × 3 = −24 வந்தது. சரியான படத்திலும் −24தான். சி பக்கமிருந்து வந்தாலும் 12 × 2, அதே −24. எல்லாம் பொருந்தியதால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஃபோன் போட்டேன். வெட்டு யூடிஎல்லை முழுதாகத் தாண்டியிருந்தால் 60-ஐ நடுவில் வைத்தாலும் விடை மாறாது. வெட்டு யூடிஎல்லுக்கு உள்ளே விழும்போதுதான் மாறும். அதனால் முனைகளில் மட்டும் சரிபார்த்தால் இந்தத் தப்பு என்றைக்கும் பிடிபடாது.

இப்போதெல்லாம் 60-ஐப் பென்சிலில் மெல்லிசாகப் போடுவேன். ரியாக்‌ஷன் வந்ததும் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஷியர் பூஜ்யமாகும் 2.6 மீட்டரில்தான் உச்சம்:

26 × 2.6 − 26 × 1.3 = 67.6 − 33.8 = 33.8

இரண்டாவது 26 என்பது 2.6 மீட்டர் யூடிஎல், மீட்டருக்கு 10 வீதம். முதல் 26-உடன் ஒத்துப்போனது தற்செயல் இல்லை, ஷியர் பூஜ்யம் என்பதற்கு அர்த்தமே அதுதான்.

முனைகளை நம்ப முடியாது என்பதால் எஸ்எஃப்டியின் பரப்பளவால் ஒருமுறை சரிபாருங்கள். மேலே உள்ள முக்கோணம் அரை × 2.6 × 26 = 33.8. கீழே உள்ளது அரை × 3.4 × 34 = 57.8. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −24. எஸ்எஃப்டியில் சரிவுக் கோடு போட்டிருந்தால் 78 எந்த வழியிலும் வராது.

வளைவு எந்தப் பக்கம்?

ஏ-யில் 0, 2.6-ல் +33.8, பி-யில் −24, சி-யில் 0. புள்ளிகளைக் குறித்தாயிற்று. யூடிஎல் இருக்கும் இடத்தில் வளைகோடு, லோடு இல்லாத பி-சி பகுதியில் நேர்கோடு. எஸ்எஃப்டியின் மதிப்புதான் பிஎம்டியின் சரிவு என்பதை நினைவில் வையுங்கள். ஏ-யில் ஷியர் 26, அதனால் கோடு நல்ல சரிவோடு மேலே கிளம்பும். 2.6-ல் பூஜ்யம், அங்கே மட்டமாகும். பி-யை நெருங்கும்போது −34, ஆகவே கிளம்பியதைவிட வேகமாக விழும். பி-யில் கூர்மையாக ஒடிந்து, மீட்டருக்கு 12 வீதம் ஏறி சி-யில் பூஜ்யம். உச்சியிலிருந்து பி-க்குப் போகும்போது வளைவைத் தொட்டில் மாதிரி உள்வாங்கி வரைவது வழக்கமான தப்பு. கவிழ்த்த கிண்ணம் மாதிரித்தான் அது கடைசிவரை போகும்.

சேகிங் (பீமின் நடு கீழே தொய்வது) பிளஸ், அதைக் கோட்டுக்கு மேலே வரைவது நம் பக்கத்துப் பழக்கம். இழுவை வரும் பக்கத்தில் வரைகிற பழக்கமும் உண்டு, அதில் எல்லாம் தலைகீழாக இருக்கும். எதுவானாலும் ஒரு தாளில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளணும்.

மேலயா, கீழயா?

தட்டுவடை ஒன்றை இரண்டு விரல் மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் அழுத்துங்கள். விரிசல் அடியில் ஆரம்பிக்கும். அதுதான் சேகிங், கம்பி கீழே. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அழுத்தினால் விரிசல் மேலே வரும். அது ஹாகிங், கம்பி மேலே. கான்கிரீட்டும் இழுவைக்குத் தட்டுவடை சாதிதான். சேலத்துக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமாக எனக்குச் சொல்லத் தெரியாது. பரிசோதனை முடிந்ததும் சட்னி வைத்துச் சாப்பிட்டுவிடலாம்.

நம் பீமில் ஏ-யிலிருந்து பி-க்குச் சற்று முன்னால் வரை கீழே, பி-யைச் சுற்றியும் நீட்டிய பகுதியிலும் மேலே. எங்கே மாறுகிறது? மொமெண்ட் பூஜ்யமாகும் இடத்தில்:

26 × தூரம் − 5 × தூரம் × தூரம் = 0, தூரம் = 5.2 மீட்டர்

2.6-ன் இரண்டு மடங்கு என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆக, பி தூணுக்கு 0.8 மீட்டர் உள்ளே வரை ஹாகிங் இருக்கிறது. நீட்டிய பகுதிக்குப் போட்ட மேல் கம்பியைத் தூண் முகத்தோடு நிறுத்தினால் பீம் அங்கேயே பிளக்கும். 0.8 மீட்டரோடும் நிறுத்த முடியாது. கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிமுறை ஐஎஸ் 456: 2000 சொல்வது: சப்போர்ட்டின் மேல் கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அந்தப் புள்ளியையும் தாண்டிப் போகவேண்டும். எஃபெக்டிவ் டெப்த் (அழுத்தம் வரும் விளிம்பிலிருந்து இழுவைக் கம்பியின் மையம் வரை உள்ள ஆழம்), கம்பி விட்டத்தின் 12 மடங்கு, கிளியர் ஸ்பானின் (தூண் முகங்களுக்கு இடைப்பட்ட நீளம்) 16-ல் ஒரு பங்கு, இவற்றில் எது பெரிதோ அவ்வளவு தூரம். இங்கே எஃபெக்டிவ் டெப்த் சுமார் 400 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 1.2 மீட்டர்.

பிற்சேர்க்கை 1

பீமின் நடுவில் கப்புள் (தள்ளாமல் சுழற்ற மட்டும் செய்யும் விசை ஜோடி) வந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். இரு முனையிலும் தூண் தாங்கும் 6 மீட்டர் சாதா பீம், ஏ-யிலிருந்து 2 மீட்டரில் கடிகாரச் சுற்றாக 30. ரியாக்‌ஷன் 30 ÷ 6 = 5: ஏ-யில் கீழ்நோக்கி, பி-யில் மேல்நோக்கி. எஸ்எஃப்டி முழுக்க −5, கப்புள் இருக்கும் இடத்தில் எந்தத் தாவலும் கிடையாது. பிஎம்டி −10 வரை இறங்கி, அங்கே ஒரே தாவாக 30 ஏறி +20 ஆகி, பி-யில் பூஜ்யத்துக்கு வரும். எஸ்எஃப்டியிலும் ஒரு தாவல் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு.

பிற்சேர்க்கை 2

இதைப் படித்த ஒருவர், "நடு ஸ்பானில் லோடு குறைந்தால் எல்லாமே குறையும், பயமில்லை அல்லவா?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். வீடு காலியாக இருக்கும் நாளில் யூடிஎல் 10-க்குப் பதில் 4 என்று வையுங்கள், தொட்டி மட்டும் நிறைந்திருக்கிறது. ஏ ரியாக்‌ஷன் 8. உச்சம் 2 மீட்டரில் வெறும் 8. பி-யில் அதே −24, அதில் மாற்றமில்லை. ஆனால் மொமெண்ட் பூஜ்யமாகும் இடம் 5.2-லிருந்து 4 மீட்டருக்கு வந்துவிட்டது. ஹாகிங் இப்போது தூணிலிருந்து 2 மீட்டர் உள்ளே வரை நீள்கிறது. நான் மேலே கணக்குப் போட்டுச் சொன்ன 1.2 மீட்டர் மேல் கம்பி அன்றைக்குக் காணாது, 2.4 வேண்டும்.

பழைய டிராயிங்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேல் கம்பி பி-யிலிருந்து 2.5 மீட்டர் உள்ளே போயிருந்தது. அன்றைக்கு மேஸ்திரி, "எதுக்குத் தம்பி இவ்ளோ நீளம், கம்பி வீணாப் போகுதே" என்று கேட்டபோது, "டிராயிங்ல இருக்குண்ணே, போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது ஞாபகம் வந்தது.