டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னதும் என்ன கேட்க வேண்டும்?

மதுரையில் டயாலிசிஸ் யூனிட் நர்ஸ் நான். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். "கிரியேட்டினின் ஏறிப்போச்சு, டயாலிசிஸ் பண்ணணுமாம் சிஸ்டர்" என்று கலங்கி வருபவர்களிடம், "ஏன் இப்பவே பண்ணணும்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்பேன். பலரும் கேட்டிருப்பதில்லை. தயங்காமல் கேளுங்கள். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினினை மட்டும் பார்த்து யாரும் ஆரம்பிப்பதில்லை. மூச்சுத்திணறல், வாந்தி, வீக்கம், ரத்தத்தில் பொட்டாசியம் எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அவசரமா, யோசிக்க நேரம் இருக்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

பிறகு, என்னென்ன வழி உண்டு, உங்களுக்கு எது ஒத்துவரும் என்று கேளுங்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது என்றால் வாரம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு சுமார் 4 மணி நேரம். வயிற்று வழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பெரும்பாலும் தினமும் 3, 4 தடவை வயிற்றுக்குள் விடும் திரவத்தின் 2 லிட்டர் பையை மாற்ற வேண்டும், சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வாய்ப்புண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பிழைப்பைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? பூ கட்டும் அம்மா ஒருவர், "விடியக்காலைல மாட்டுத்தாவணி மார்க்கெட்ல நிக்கணும் சார்" என்றார். டாக்டர் உடனே, "எந்தக் கையில பூ வச்சுக் கட்டுவீங்க?" என்று கேட்டு, இரண்டு கையின் ரத்தக்குழாயையும் தடவிப் பார்த்தார். மற்ற கையில் ஃபிஸ்டுலா, மதிய ஷிஃப்ட் என்று முடிவானது. கையில் தமனியையும் சிரையையும் சின்ன ஆபரேஷனில் இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசியை அதில்தான் குத்துவோம். அது ஊசி குத்தத் தயாராகச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால் இந்தப் பேச்சை முன்கூட்டியே எடுங்கள். கடைசி நேரத்தில் கழுத்தில் குழாய் போட்டால் தொற்று பயம் அதிகம். ஃபிஸ்டுலா கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும், கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பஸ் செலவும் செலவுதான்.

மகன் பேசட்டும் என்று அப்பா வெளியே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. ஊசி குத்தப்போவது அவர் கையில். ரொம்ப வயதாகி உடம்பு தளர்ந்தவர்கள், "டயாலிசிஸ் வேணாம்னா என்ன ஆகும், மருந்துல எவ்வளவு சமாளிக்கலாம்?" என்று கேட்பதும் நியாயமான கேள்வி. நல்ல டாக்டர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

அவசரமில்லை என்றால் அன்றே சம்மதம் சொல்லத் தேவையில்லை. "வீட்ல பேசிட்டு வர்றேன் சார். அதுக்குள்ள என்ன ஆனா உடனே ஓடி வரணும்?" என்று கேட்டு, ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.